மனிதனுக்கு ஏற்ற வேலை

மாணவ நண்பர்களே, ஒரு குற்ற ஒப்புதலோடு இவ்வுரையைத் தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று, “நிமிர்ந்து உட்கார்!” என்று எத்தனையோ பிள்ளைகளைக் கடிந்திருக்கிறேன். பலகை தாழ்ந்திருந்ததா, மேசை உயர்ந்திருந்ததா என்று ஒருநாளும் பார்த்தேனில்லை. குற்றம் பிள்ளையினுடையது என்றே எண்ணிவிட்டேன். இத்தவறு என் ஒருவனுடையது அன்று. உலகமே நெடுங்காலம் செய்துவந்தது. அது திருந்தத் தொடங்கிய வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

இத்தாலி நாட்டு மொதேனா நகரில் பெர்னார்தினோ ராமஸ்ஸீனி என்னும் மருத்துவர் வாழ்ந்தார். தம் இல்லத்துக் கழிவுக்குழியைத் துப்புரவு செய்த தொழிலாளி பதற்றத்தோடு விரைந்து வேலை செய்வதைக் கண்டு காரணம் வினவினார். குழிக்குள் நெடுநேரம் தங்கினால் கண்பார்வை போய்விடும் என்றார் அவர். அச்சொல் மருத்துவரின் நெஞ்சில் தைத்தது. பற்பல தொழில்களையும் ஆராய்ந்து, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் யாதென மருத்துவர் கேட்டறிய வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி.

ராமஸ்ஸீனி வேலையால் வரும் நோயைக் கண்டார். வேலை செய்யும் முறையையே மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான பிராங்க் கில்பிரெத். 1885ஆம் ஆண்டில் கொத்துவேலை பழகச் சென்ற அவர், ஒவ்வொரு செங்கல்லுக்கும் தொழிலாளர் குனிந்து நிமிர்வதைக் கவனித்தார். கல்லின் எடை சிறிது. அதற்காக ஒவ்வொரு முறையும் தூக்கவேண்டிய உடலின் எடையோ பெரிது! ஆகவே சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரத்தை அமைத்து, கற்களைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தார். ஒரு கல் பதிக்க 18 அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் ஐந்துக்கும் குறைவானவையே போதுமாயின.

பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியோர் சிலர், பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், இறக்கைமடலை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். விமானம் வயிறு மோதி விழுந்தது. “விமானியின் கவனக்குறைவு” என்று பழி எழுந்தது. 1943ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்த அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலார், அவ்விரு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருப்பதைக் கண்டார். சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். இருளிலும் கை அறிந்துகொண்டது, தவறு ஒழிந்தது.

இத்தகைய ஆராய்ச்சியாளர்கள் 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு கழகம் கண்டனர். அவர்கள் வளர்த்த துறையே பணிச்சூழலியல். இன்று அத்துறையின் நுட்பப் பணியாளர் அளவுநாடாவுடன் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்கிறார். நாற்காலியின் உயரம், கை எட்டும் தூரம், தூக்கும் சுமை, கணினித் திரையின் நிலை ஆகியவற்றை அளக்கிறார். அனைத்துக்கும் மேலாக, “எங்கே வலிக்கிறது?” என்று தொழிலாளரையே கேட்கிறார்.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராகலாம். சிலர் தொழிற்சாலையை நடத்தலாம். உங்கள் முன் ஒருவர் கூனி அமர்ந்திருந்தால், கடியுமுன் அவர் அமர்ந்த பலகையை அளந்து பாருங்கள். நான் செய்யத் தவறியது அது.