மெழுகிலிருந்து ஒளி வரை: பல் லேபில் அளவின் கதை

பல் டாக்டரிடம் போய் வந்தவர்கள் நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: "கேப் சரியா உட்காரலை, திரும்ப லேபுக்கு அனுப்பியிருக்காரு." அந்த லேபில் யார் வேலை செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. மும்பையில் இருபது வருடங்களுக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அதனால் இந்த அளவின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன்.

வாயின் அச்சை மெழுகில் எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி செய்யும் முறையை 1756இல் எழுதி வைத்தவர் ஜெர்மானியரான பிலிப் பாஃப். 1907இல் அமெரிக்கரான வில்லியம் டாகர்ட் மெழுகை உருக்கி வெளியேற்றித் தங்கம் வார்க்கும் முறையைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டு வந்தார். நம்ம ஊர் ஸ்தபதிகள் பஞ்சலோக விக்கிரகம் வார்ப்பதும் இதே தத்துவம்தான்! ஆனால் தங்கம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். அதற்கு ஈடாக வார்ப்பு மண்ணை விரிய வைக்க வேண்டும். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் கைப்பக்குவம்.

எவ்வளவு இடைவெளி வரை பொறுக்கலாம்? 1971இல் மக்லீனும் ஃபான் ஃப்ராவுன்ஹோஃபரும் ஆயிரம் பற்களை ஐந்தாண்டு கவனித்துவிட்டு 120 மைக்ரான் என்றார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். இன்றும் எங்கள் தொழிலில் இதுதான் பேச்சு.

1973இல் பிரான்ஸின் பிரான்சுவா துரே, ஒளியாலேயே அளவு எடுக்கலாம் என்று தன் ஆய்வேட்டில் எழுதினார். 1985 செப்டம்பரில் ஜூரிக் நகரில் மோர்மான், பிராண்டெஸ்டினி இருவரின் 'செரெக்' கருவியால் ஒரு நோயாளிக்கு முதல் பீங்கான் துண்டு பொருத்தப்பட்டது. லேபுக்கான வழி வேறு. சுவீடனில் மாட்ஸ் ஆண்டர்சன் உருவாக்கிய 'புரோசெரா'வில், நீலக்கல் முனை ஒன்று பிளாஸ்டர் பல்லைத் தடவித் தடவிப் படிக்கும். அந்த முனையைவிடக் குறுகிய பள்ளத்துக்குள் அது நுழையாது என்பதே அதன் குறை. பிறகு வந்த ஒளிக்கோடு ஸ்கேனருக்கு அந்தக் குறை இல்லை. பளபளப்பும் கூரான ஓரமும்தான் அதற்குத் தொல்லை. பவுடர் அடித்தால் பளபளப்பு போகும், ஆனால் அந்தப் பவுடருக்கும் ஒரு தடிமன் உண்டே!

2012இல் ஐ.எஸ்.ஓ. 12836 என்ற சோதனை முறை வந்தது. துல்லியம் என்பதில் இரண்டு விஷயம் உண்டு. உண்மை அளவுக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்பது ஒன்று; திரும்பத் திரும்ப எடுத்தால் ஒரே அளவு வருகிறதா என்பது மற்றொன்று. விளம்பரத்தில் 10 மைக்ரானுக்கும் கீழே என்பார்கள். அது அளவு தெரிந்த சோதனைத் துண்டில் கிடைப்பது. நல்ல டை ஸ்டோனே இறுகும்போது 0.1 சதவீதம் வரை விரியலாம். தாடையின் குறுக்கே 50 மில்லிமீட்டர் என்றால் 50 மைக்ரான், ஸ்கேனர் தொடும் முன்பே போய்விட்டது.

ஒருமுறை ஓர் அம்மாவுக்குச் செய்த கேப் மூன்று தடவை திரும்பி வந்தது. "உங்க மிஷின் சரியில்லை" என்றார் டாக்டர். அளவுத் தட்டை வைத்துப் பார்த்தோம், மிஷின் சரி. மூன்று ஸ்கேனையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன், அப்படியே பொருந்தின. வாயில் இருந்த பல்லோடு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. அப்புறம்தான் பழைய பூதக்கண்ணாடியை எடுத்து, டாக்டர் அளவு எடுத்த ரப்பரைப் பார்த்தேன். ஈறு ஓரத்தில் ஒரு மூலை இழுபட்டிருந்தது.

மெழுகுக் காலமாக இருந்தால் தப்பு என் கையில்தான் என்று முடிந்திருக்கும், சம்பளத்திலும் பிடித்திருப்பார்கள். மூன்று ஸ்கேன் படங்களையும் ரப்பரின் போட்டோவையும் அனுப்பினோம். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் புது அளவு வந்தது. நாலாவது கேப் உட்கார்ந்தது.