முத்திரையும் நம்பிக்கையும்: தொடக்கப் பள்ளித் தேர்வுகள் கடந்துவந்த பாதை

முற்காலக் கல்வி முறையில் கற்பித்தவரே சோதித்தார். மக்தபில் பலகையில் எழுதிய பாடத்தை மாணவன் உஸ்தாதின் முன் அமர்ந்து ஒப்புவிப்பான்; பிழை கண்ட இடத்தில் உஸ்தாத் நிறுத்தித் திருத்துவார்; பாடம் முற்றும் தேறிய பிறகே அடுத்த பலகை. உயர்நிலைக் கல்வியில் வழங்கப்பட்ட இஜாஸாவும் ஒரு தனி மனிதர் தம் மாணவரை நேரில் அறிந்து அளித்த சான்றே ஆகும். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளிலும் முறை ஏறத்தாழ இதுவே. அங்கே மறைத்து வைக்க வினாத்தாள் இல்லை; களவாட விடைத்தாளும் இல்லை. ஆசிரியரின் சொல்லே சான்றாக இருந்தது. அச்சொல்லின் மதிப்பு அவரது நாணயத்தின் மதிப்பாக இருந்தது.

ஒரே வினாத்தாளை அச்சிட்டு, ஒரே நேர அளவில், பல பள்ளிகளின் சிறுவர்களுக்கு வழங்கி, அவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. அது தோன்றியபோதே ஆசிரியரின் சொல்லை மட்டும் ஏற்க முடியாது என்ற ஐயமும் உடன் தோன்றியது. அந்த ஐயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குத் தேடிய மருந்துகள் சில நோயைவிடக் கொடியனவாய் முடிந்ததையும் வரலாறு காட்டுகிறது.

தேர்வுக்குக் காவல் வைக்கும் கலை மிகப் பழையது. சீனத்தின் சோங் அரச மரபினர் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசுப் பணித் தேர்வின் விடைத்தாள்களில் எழுதியவரின் பெயரை மூடி ஒட்டினர். கையெழுத்தைக் கொண்டு ஆளை அறியாதிருக்க, எழுத்தர்களைக் கொண்டு விடைகளைப் படியெடுத்த பின்னரே திருத்தக் கொடுத்தனர். அங்கே தேர்வு எழுதியவர்கள் பதவியை நாடிய பெரியவர்கள். வஞ்சிக்கும் நோக்கம் அவர்களுக்கும், அவர்களுக்கு வேண்டிய திருத்துநர்க்கும் இருக்கக்கூடும். காவலும் அவர்களுக்கு எதிராகவே அமைந்தது. தொடக்கப் பள்ளியின் நிலை வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்கு வினாத்தாளைக் களவாடும் நோக்கமும் இல்லை, வழியும் இல்லை. அப்படியாயின் அங்கே பூட்டும் முத்திரையும் யாருக்காக? இக்கேள்விக்கு விடை காண மூன்று நகர்வுகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, அமெரிக்காவின் போஸ்டன் நகரில் 1845ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அதுவரை அந்நகரப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஒரு குழுவினர் வந்து வாய்மொழியாகச் சில கேள்விகள் கேட்டுச் செல்வர். யாரை எழுப்புவது, எதைக் கேட்பது என்பதில் ஆசிரியரின் கை ஓங்கியிருந்தது. கெட்டிக்கார மாணவர் நால்வர் பதில் சொன்னால் பள்ளி முழுவதும் கெட்டி என்றாகிவிடும். மாசசூசெட்ஸ் மாநிலக் கல்விக் குழுவின் செயலாளராக 1837 முதல் பணியாற்றிய ஹொரேஸ் மான் இம்முறையை ஏற்கவில்லை. அவருடைய நண்பரும் போஸ்டன் பள்ளிக் குழுவின் உறுப்பினருமான சாமுவேல் கிரிட்லி ஹோவும் அவருடைய துணைவர்களும் அச்சிட்ட வினாத்தாள்களுடன் பள்ளிகளுக்குச் சென்றனர். ஒரு பள்ளியின் கேள்வி அடுத்த பள்ளிக்கு எட்டுமுன் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று விரைந்தனர். மேல் வகுப்புகளிலிருந்து தேர்ந்த சுமார் 530 பேர் எழுதினர். சரியான விடைகள் ஏறத்தாழ 30 விழுக்காடுதான். நகரின் பெருமையாகப் பேசப்பட்ட பள்ளிகளின் உண்மை நிலை அன்று வெளிப்பட்டது.

இம்முறையை ஆதரித்து மான் எழுதிய காரணங்கள் இன்றும் படிக்கத் தக்கவை. எல்லோர்க்கும் ஒரே கேள்வி என்பதால் பாரபட்சம் இல்லை. சிந்திக்க ஒரே அளவு நேரம் என்பதால் கூச்ச இயல்புள்ள பிள்ளையும் தன் அறிவைக் காட்டலாம். ஆசிரியர் இடையில் புகுந்து விடையை நோக்கி நடத்திச் செல்ல இயலாது. எழுதிய விடை தாளில் நிலைத்திருப்பதால் யாரும் எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்பன அவற்றுள் சில. ஆகவே பொதுத்தேர்வு பிறந்த நாளிலேயே அதன் காவல் பிள்ளையை நோக்கியதன்று, பள்ளியை நோக்கியது என்பது தெளிவாகிறது. அதனால் விளைந்த நன்மையையும் மறுக்க இயலாது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியின் தாழ்ந்த நிலையும், அவர்களிடம் எதையும் எதிர்பாராத ஆசிரியரின் மனப்போக்கும் அத்தேர்வினால் பேசுபொருளாயின. வாய்மொழிச் சடங்கு தொடர்ந்திருந்தால் அது மறைந்தே கிடந்திருக்கும்.

இரண்டாவது நகர்வு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1862ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தொகுப்பு, தொடக்கப் பள்ளிகளுக்கான அரசு மானியத்தைத் தேர்வின் முடிவோடு பிணைத்தது. அதை வகுத்தவர் கல்விக் குழுவின் துணைத் தலைவராயிருந்த ராபர்ட் லோ. வருகைக்காகப் பிள்ளை ஒன்றுக்கு 4 ஷில்லிங். ஆறு வயது கடந்து, 200 முறைக்கு மேல் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மேலும் 8 ஷில்லிங். ஆனால் இன்ஸ்பெக்டர் வந்து சோதிக்கும் நாளில் அப்பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுள் எதில் தவறினாலும் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. பல பள்ளிகளில் ஆசிரியரின் ஊதியமே இப்பணத்தைச் சார்ந்திருந்தது. எனவே கரும்பலகை முன் நடுங்கி நின்ற ஒவ்வொரு சிறுவனும் தன்னையறியாமலே ஆசிரியர் வீட்டு அடுப்பைச் சுமந்து நின்றான்.

விளைவு விரைவில் தெரிந்தது. குறித்த வாசிப்பு நூலை ஆண்டு முழுதும் ஓதவைத்து மனப்பாடம் செய்வித்தனர். கண் நூலின்மேல் இருக்க, நா நினைவிலிருந்து ஒப்பித்தது. கவிஞரும் 1851 முதல் 1886 வரை பள்ளி இன்ஸ்பெக்டராகப் பணிபுரிந்தவருமான மாத்யூ ஆர்னால்ட் இம்முறையைத் தொடக்கம் முதலே கண்டித்தார். உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ அறியாத பிள்ளைகளையும் அவற்றில் தேறியவர்களாகக் காட்டிவிட முடியும் என்பது அவரது அறிக்கைகளின் சாரம். இங்கே எந்த முத்திரையும் உடைக்கப்படவில்லை, எந்தத் தாளும் களவு போகவில்லை. தேர்வு விதிப்படியே நடந்தது. ஆயினும் அது காட்டிய செய்தி பொய்யாயிற்று.

இவ்வழக்கம் கடல் கடந்து நம் மண்ணுக்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1860களின் பிற்பகுதி முதல் தொடக்கப் பள்ளிகளுக்கு, திண்ணைப் பள்ளிகள் உட்பட, தேர்ச்சியின் அளவுக்கேற்ப மானியம் அளிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஊர் மக்கள் தந்த நெல்லிலும் காசிலும் வாழ்ந்த ஆசிரியரின் வாழ்வில் இன்ஸ்பெக்டர் வருகை ஆண்டின் தீர்ப்பு நாளாயிற்று. இங்கிலாந்து 1890களில் இம்முறையைக் கைவிட்டது. எனினும் மதிப்பெண்ணைப் பணத்தோடும் பதவியோடும் பிணைக்கும் எண்ணம் மறையவில்லை.

மூன்றாவது நகர்வு நம் காலத்தது. 2002 ஜனவரியில் அமெரிக்காவில் கையெழுத்தான ஒரு சட்டம், எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது என்பதையே தன் பெயராகக் கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014க்குள் அனைவரும் தேர்ச்சி நிலையை அடைய வேண்டும் என்பது இலக்கு. அடையாத பள்ளிகள்மேல் நடவடிக்கை. இதில் ஒரு நன்மையும் இருந்தது. ஏழைகள், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முடிவுகளைத் தனித்தனியே வெளியிட வேண்டியதாயிற்று. சராசரி எண்ணுக்குப் பின்னால் அவர்களை மறைக்க முடியவில்லை. தீமையோ அட்லாண்டா நகரில் வெளிப்பட்டது.

அந்நகரப் பள்ளிகளின் மதிப்பெண்கள் வியப்பூட்டும் வகையில் உயர்ந்தன. 2009இல் அதன் கல்விக் கண்காணிப்பாளர் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் என்ற விருதும் பெற்றார். உள்ளூர் நாளிதழ் ஒன்று அந்த உயர்வு நம்பத் தக்கதா என்று எண்களை ஆராயத் தொடங்கியது. பின்னர் மாநில அரசு விடைத்தாள்களில் அழித்துத் திருத்திய தடங்களை எண்ணியது. பென்சிலால் வட்டத்தை நிரப்பும் தாளில், அழித்த இடத்தையும் இயந்திரம் கண்டுகொள்ளும். பிள்ளைகள் தாமாக அழிக்கும்போது சரியைத் தவறாக்குவதும் உண்டு, தவறைச் சரியாக்குவதும் உண்டு. அதற்கு இயல்பான ஓர் அளவு உண்டு. சில வகுப்புகளிலோ தவறு சரியான எண்ணிக்கை, தற்செயலாக நிகழவே முடியாத அளவுக்கு மிகுந்திருந்தது.

ஆளுநர் அமைத்த விசாரணையின் அறிக்கை 2011 ஜூலையில் வெளியாயிற்று. ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44இல் மோசடி நடந்திருந்தது. ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் சுட்டப்பட்டனர். 82 பேர் ஒப்புக்கொண்டனர். வார இறுதியில் ஒரு வீட்டில் கூடி விடைகளைத் திருத்தியவர்கள் இருந்தனர். கேள்வியை உரக்கப் படிக்கும்போது சரியான விடையில் குரலை அழுத்தியவர்களும், தேறாத பிள்ளையைத் தேறிய பிள்ளையின் அருகே அமர்த்தியவர்களும் இருந்தனர். 2013இல் 35 பேர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. 2015 ஏப்ரலில் 11 பேர், ஒழுங்கமைந்த குற்றக் கும்பல்களுக்கென இயற்றிய சட்டத்தின்கீழ் தண்டனைக்குரியவர்கள் எனத் தீர்ப்பாயிற்று. குற்றச்சாட்டை மறுத்துவந்த முன்னாள் கண்காணிப்பாளர், தம் வழக்கு விசாரணைக்கு வருமுன்பே அதே ஆண்டு மார்ச்சில் காலமானார்.

இவ்வழக்கில் பேசப்பட்டவர்கள் பெரியவர்களே. ஆனால் உண்மையில் இழந்தவர் யார்? வாசிக்கத் திணறிய ஒரு சிறுமியின் தாளை எடுத்து, அவள் தேறினாள் என்று மாற்றி எழுதினால், அவளுக்கு உரிமையாக வேண்டிய தனிக் கவனிப்பு கிடைக்காமற்போகிறது. அவள் பெற்றோர் நிம்மதியுடன் இருப்பர். அடுத்த வகுப்பின் ஆசிரியர் அவளை அறிந்தவளாகவே கொள்வார். தனக்கு அநீதி நேர்ந்தது என்பதையே அவள் அறியமாட்டாள். தொடக்கப் பள்ளித் தேர்வின் நேர்மை ஏன் இத்துணை முக்கியம் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. பிள்ளையின் விடைத்தாள் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் உள்ள தவறுகளும் அந்த அமானிதத்தின் பகுதியே.

இனி, நடைமுறை என்ன என்று பார்ப்போம். இந்த அனுபவங்களிலிருந்து பல நாடுகளில் சில விதிகள் உருவாகியுள்ளன. கட்டுகள் முத்திரையுடன் வந்து, எண்ணிச் சரிபார்த்துப் பூட்டிய இடத்தில் வைக்கப்பட வேண்டும். தேர்வு வேளையிலேயே, சாட்சியாக இன்னொருவர் இருக்கப் பிரிக்க வேண்டும். வழங்கிய தாள்களும் திரும்பிய தாள்களும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். அறிவுரைகளை எழுதியுள்ளபடியே எல்லா அறைகளிலும் படிக்க வேண்டும். சுவரில் தொங்கும் வாய்பாட்டையும் சொற்பட்டியலையும் மறைக்க வேண்டும். தம் வகுப்பைத் தாமே தனியாகக் கண்காணிக்கும் நிலையைத் தவிர்த்தல் நன்று. இங்கிலாந்தில் அறிவிப்பின்றி வந்து பார்க்கும் அலுவலர்களும் உண்டு.

எல்லோர்க்கும் ஒரே நிலை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு செயற்படுத்துவதும் நீதியாகாது. கண் மங்கிய பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் தாள், பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில், மெல்ல எழுதும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் ஆகியன சலுகைகள் அல்ல, சமநிலையைப் பேணும் வழிகள். எல்லை எதுவெனில், எதை அளக்கிறோமோ அதில் உதவி கலக்கக் கூடாது. கணக்குத் தேர்வில் கேள்வியைப் படித்துக் காட்டலாம். வாசிப்புத் தேர்வில் பத்தியைப் படித்துக் காட்டினால் அளக்க எதுவும் மிஞ்சாது.

ஆயினும் பூட்டு மட்டும் போதாது என்பதே அட்லாண்டாவின் பாடம். அங்கும் முத்திரைகள் இருந்தன, விதிகள் இருந்தன. சாவியை வைத்திருந்தவரின் வேலை அந்தத் தாளைச் சார்ந்திருந்தது. உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970களிலேயே இதை ஒரு விதியாகக் கூறினார். ஒரு சமூக அளவுகோலை முடிவெடுக்க எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோமோ, அந்த அளவுக்கு அது கெடுக்கப்படும் நெருக்கடிக்கு ஆளாகும். தான் அளக்க வந்த பொருளையும் கெடுக்கும் என்பது அதன் கருத்து.

இதற்கு மாற்றும் அமெரிக்காவிலேயே உள்ளது. 1969 முதல் அங்கே நடைபெறும் தேசியக் கல்வி மதிப்பீடு எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பதில்லை. மாதிரியாகத் தேர்ந்தவர்களை மட்டுமே சோதிக்கிறது. ஒரு பிள்ளைக்கு வினாத் தொகுப்பின் ஒரு பகுதிதான் தரப்படும். நடத்துவோர் வெளியிலிருந்து வருவர். தனிப் பிள்ளைக்கோ பள்ளிக்கோ மதிப்பெண் வெளியிடப்படாது. ஆகவே திருத்தி எழுதுவதால் எவருக்கும் இலாபம் இல்லை. இங்கிலாந்தும் 11 வயதினருக்கான அறிவியல் தேர்வை 2010இல் இத்தகைய மாதிரி முறைக்கு மாற்றியது. இம்முறைக்கும் ஒரு குறை உண்டு: தன் மகன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்கும் தாய்க்கு அதில் விடை இல்லை. அந்த விடையை வகுப்பாசிரியரே தர வேண்டும். அதைத் தருவதால் தமக்குத் தண்டனை நேராது என்ற உறுதி அவருக்கு இருந்தால்தான் உண்மையான விடை கிடைக்கும்.

ஆக, இரு கேள்விகளுக்கு இரு தேர்வுகள் தேவைப்படுகின்றன. கல்வி முறை எப்படி இயங்குகிறது என்பதை வெளியார் மாதிரி எடுத்து அளக்கட்டும். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை அதன் ஆசிரியர் அறிந்து திருத்தட்டும். இரண்டையும் ஒரே தாளில் ஏற்றி, அதன்மேல் ஊதியத்தையும் பதவியையும் பள்ளியின் பெயரையும் அடுக்கியபோதெல்லாம் தாள் பொய் சொல்லியிருக்கிறது. பள்ளிகள் நடத்தும் அறக்கட்டளையினரும் ஜமாஅத்தினரும் தேர்ச்சி விழுக்காட்டை விளம்பரப் பலகையில் எழுதுமுன் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நலம். பலகையில் பிழை கண்ட இடத்தில் நிறுத்தித் திருத்திய பழைய உஸ்தாதுக்கு அப்பிழையை மறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்றைய ஆசிரியருக்கும் அத்தேவை இல்லாதபடி செய்வது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.