ஆரி: ஊசியும் பெயரும்

பினாங்கின் பாயான் பாருவில் கல்யாண ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் “ஆரி ஒர்க் வேணும்” என்று சொல்லிவிட்டு, கழுத்துக்கு எத்தனை வரிசை மணி, கையில் எவ்வளவு ஜரிகை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆரி என்பது முதலில் வேலையின் பெயரே அல்ல, கருவியின் பெயர். மரப்பிடியில் செருகி, நுனியில் சிறு கொக்கி வைத்த ஊசி அது.

வடமொழியில் ‘ஆரா’ என்றால் செருப்புத் தைப்பவரின் குத்தூசி. அந்தச் சொல்லின் வழியில் வந்ததே இந்தியின் ஆரி. குஜராத்தின் கட்ச் பகுதியில் மோச்சிகள் என்னும் தோல் தொழிலாளர்கள் தோலில் பூவேலை செய்த கொக்கியைப் பட்டுத்துணிக்கும் கொண்டுவந்தார்கள். குஜராத்தில் பொன்னிழை, வெள்ளியிழை கொண்டு தைத்த தோல் விரிப்புகளை 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மார்க்கோ போலோ வியந்து சொல்லியிருக்கிறார். நம் சிலப்பதிகாரமும் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்பவரையும் அடுத்தடுத்தே வைக்கிறது. தோலும் துணியும் பக்கத்து வீட்டுத் தொழில்கள்.

கீழை நாடுகளின் இந்தக் கொக்கித் தையல் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவியது. அங்கே துணியை இழுத்துக் கட்டும் சட்டத்தை வைத்து அதற்கு ‘தாம்பூர்’, அதாவது மத்தளம், என்று பெயரிட்டார்கள். 15ஆம் லூயி மன்னனின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டி தாம்பூர்ச் சட்டத்தின் முன் அமர்ந்திருக்கும் ஓவியம் லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியர் துரூவே 1763-64இல் வரைந்தது. அடுத்த நூற்றாண்டில் லொரேன் பகுதியின் லூனேவில் ஊரார் இந்த ஊசியால் மணியும் தைக்கத் தொடங்கினார்கள். அதனால் பாரிஸின் உயர்தர ஆடைக்கூடங்களில் அது ‘லூனேவில் கொக்கி’.

ஊசி ஒன்றுதான் என்றாலும் கை வேறு. நம் ஆரிக்காரர் துணியின் நல்ல பக்கத்தைப் பார்த்தபடி மணியை ஊசியிலேயே ஏற்றித் தைக்கிறார். இடக்கை சட்டத்தின் அடியில் நூலைப் பிடித்திருக்கும். கொக்கி இறங்கி அதை வளையமாக மேலே இழுக்கும், வளையத்துக்குள் வளையமாகச் சங்கிலி ஓடும். லூனேவில் முறையில் மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்து அடியில் வைத்துக்கொள்கிறார்கள். தைப்பவருக்கு எதிரே இருப்பது துணியின் பின்பக்கம். மணி விழுவதை விரலால்தான் உணர வேண்டும். இரண்டு முறையிலும் கடைசி முடிச்சு நழுவினால் மொத்தச் சங்கிலியும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பினாங்கின் பெரனாக்கான் சீனப் பெண்களான ஞோன்யாக்களின் மணிச் செருப்பு வேறு வகை. அதில் சாதாரண ஊசியால் ஒவ்வொரு மணியாகத் தைக்க வேண்டும். மணிக்கு மலாயில் ‘மானிக்’. அது நம் மணிக்கு உறவுச் சொல்.

பாரிஸில் கொக்கிப் பூவேலையின் பெரிய பெயர் லெசாஜ். ஆல்பேர் லெசாஜ் 1924இல் மிஷோனே என்பவரின் பூவேலைக்கூடத்தை வாங்கினார். அவர் மகன் பிரான்சுவா காலத்தில் ஆடை வடிவமைப்பாளர் இவ் சாங் லோராங்கின், வான்கோ ஓவியங்களைத் தழுவிய 1988ஆம் ஆண்டு மேற்சட்டைகள் அங்கேதான் தைக்கப்பட்டன. 2002இல் ஷனெல் நிறுவனம் அதை வாங்கியது. பிரான்சுவாவின் மகன் ழான்-பிரான்சுவா லெசாஜ் 1990களில் தம் பூவேலைக்கூடமான வஸ்திரகலாவைத் தொடங்கியது சென்னையில். பாரிஸ் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை தேடி வந்தது நம் பக்கத்துக் கைகளைத்தான். அதற்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்த முறை ரவிக்கை வாங்கும்போது கூலியைக் குறைக்கச் சொல்லுமுன், அதைத் தைக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள்.