ரெஜிபோமில் ஒரு சக்கர வீடு

பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிந்து ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணையில் எங்கள் உயர்தரத் தொழில்நுட்ப வகுப்பு மாணவன் ஒருவன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் நுரைப் பலகைகளை ஒட்டிப் பெட்டி போலச் செய்கிறார். மேலே கென்வஸ் துணியைப் பசை தடவி இறுக்கி ஒட்டுகிறார். பெயின்ட் அடிக்கிறார். பிறகு அதைச் சக்கரத்தில் ஏற்றி ஒரு சின்னக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போய் உள்ளே படுத்துத் தூங்குகிறார். "சேர், இது மழைக்கு நிற்குமா?" என்று கேட்டான். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமக்கெல்லாம் ரெஜிபோம் என்றால் பேருவளைத் துறைமுகத்து மீன் பெட்டிதானே.

அவன் சிரிக்கவில்லை. அவனுடைய வாப்பா மாலையில் தள்ளுவண்டியில் வடையும் கடலையும் விற்கிறவர். இரும்புச் சட்டமும் தடித்த பலகையும் போட்ட வண்டி. மேட்டுப் பாதையில் ஏற்றும்போது மகன் பின்னால் நின்று தள்ள வேண்டும். பரீட்சை முடிந்து அவன் கொழும்புக்குப் போய்விட்டால் யார் தள்ளுவது? அதுதான் கேள்வி. அதற்குப் பிறகு நாங்களும் சிரிக்கவில்லை. விடுமுறை முழுக்க இந்தச் சக்கர வீட்டின் வரலாற்றைத் தேடி வாசித்தோம். போகப் போக அது நம்முடைய றப்பர் தோட்டத்துக்குள்ளேயே வந்து நின்றது.

முதலில் பாரத்தைப் பற்றி. பொழுதுபோக்குக்காக இழுத்துச் செல்லும் வீட்டின் கதையை 1885இல் இங்கிலாந்தில் தொடங்குவது வழக்கம். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை வைத்தியர் பிரிஸ்டல் நகரில் 'வாண்டரர்' என்று ஒரு வண்டி செய்வித்தார். விலை உயர்ந்த மஹோகனி மரம், 18 அடி நீளம், ஏறத்தாழ இரண்டு தொன் பாரம். இழுக்க இரண்டு குதிரைகள். பாதையில் எதிரே வருகிறவர்களை எச்சரிக்க மூன்று சக்கர சைக்கிளில் ஒரு வேலையாள் முன்னால் போவாராம். பணக்காரருக்குப் பாரம் ஒரு பிரச்சினையே இல்லை, தள்ளுவது வேறொருவர் என்றால்.

கார் வந்த பிறகு கதை மாறியது. 1929இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரத்து நுண்ணுயிரியலாளர் ஆர்தர் ஷேர்மன், மடித்து இழுத்துச் சென்று சில நிமிடங்களில் கூடாரமாக விரிக்கலாம் என்று விற்ற ஒரு வண்டியை வாங்கிக் குடும்பத்தோடு புறப்பட்டார். மழை வந்தது. கூடாரம் விரியவில்லை. எல்லோரும் நனைந்தார்கள். திரும்பி வந்தவர், மடிக்கிற வேலையே வேண்டாம் என்று 6 அடிக்கு 9 அடியில், மரத்தூள் நாரை அழுத்திச் செய்த ஹார்ட்போட் பலகையால் ஒரு பெட்டி கட்டுவித்தார். பிள்ளைகள் அதைக் கேலியாக 'மூடிய வண்டி' என்று கூப்பிட்டார்கள். 1930இல் டெட்ரொயிட் மோட்டார் கண்காட்சியில் வைத்தார். 1936ஆகும்போது அந்நாட்டின் மிகப் பெரிய ட்ரெய்லர் நிறுவனமே அவருடையதுதான். கேலிப் பெயரையே நிறுவனத்துக்கும் வைத்துக்கொண்டார்.

அது பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம் என்பதை மறக்க வேண்டாம். வேலை இழந்தவர்களுக்கு இப்பெட்டி சுற்றுலா அல்ல, குடியிருப்பு. அப்படி வந்து நிற்கிறவர்களைப் பல நகரங்கள் விரும்பவில்லை. இத்தனை நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டன. ஒரே பெட்டி ஒருவருக்கு விடுமுறை, இன்னொருவருக்கு அகதி வாழ்க்கை. 1990இலும் 2004இலும் கூடாரத்தில் படுத்தெழும்பிய நம் சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விலைக்கு வாங்க முடியாதவர்கள் தாமே செய்தார்கள். சஞ்சிகைகள் அளவுப் படங்களை அச்சிட்டன. கண்ணீர்த் துளி வடிவத்தில், உள்ளே படுக்க மட்டும் இடமுள்ள, பின்மூடியைத் தூக்கினால் சமையலறை தெரிகிற சின்ன ட்ரெய்லர் அப்படித்தான் வீட்டு முற்றங்களில் பிறந்தது. போருக்குப் பிறகு இராணுவம் கழித்துவிட்ட அலுமினியத் தகடும் ஜீப் சக்கரமும் மலிவாகக் கிடைத்ததால் இன்னும் பலர் செய்தார்கள். ஆனால் அலுமினியத்துக்குள்ளே சட்டம் ப்ளைவுட்தான். ஒரு 8க்கு 4 ப்ளைவுட் பலகை, 18 மில்லிமீற்றர் தடிப்பு என்றால், 30 கிலோவைத் தாண்டும். அத்தனை பலகையையும் ஒரு சின்னக் கார் இழுக்க வேண்டும்.

பாரத்தைக் குறைக்கும் வித்தை ஆகாயத்திலிருந்து வந்தது. 1934இல் முட்டை போன்ற அலுமினிய ட்ரெய்லரைச் செய்த ஹோலி போலஸ் ஒரு கிளைடர் விமானக்காரர். பிரித்தானியாவின் 'மொஸ்கிட்டோ' போர் விமானத்தின் உடலோ இரண்டு மெல்லிய மரத் தோல்கள், நடுவில் பஞ்சு போன்ற பால்சா மரம். வகுப்பில் இதை விளக்க நாங்கள் இரண்டு கார்ட்போட் அட்டைகளை எடுத்தோம். இரண்டையும் ஒன்றாக ஒட்டினால் இலகுவாக வளையும். நடுவில் அரை அங்குல ரெஜிபோமை வைத்து ஒட்டினால் வளைக்கவே முடியாது. உள்ளே இருப்பதற்குப் பெரிய பலம் தேவையில்லை. இரண்டு தோலையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். தோல் அதேயாக, இடைவெளி இரண்டு மடங்கானால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். வகுப்பில் மிகக் குறும்பான பையன் அந்த அட்டை மேல் ஏறி நின்று பார்த்தான். நின்றது.

சரி, அந்த நுரை எங்கிருந்து வந்தது? இங்கேதான் நாங்கள் எதிர்பார்க்காத திருப்பம்.

துருக்கியின் தென்மேற்கில் வளரும் ஒரு மரத்தின் வாசனைப் பிசின் ஸ்டோரக்ஸ். அரபியில் மைஆ என்பார்கள். அத்தரும் சாம்பிராணியும் விற்ற பழைய வணிகர்களுக்குத் தெரிந்த சரக்கு. 1839இல் பெர்லின் மருந்துக் கடைக்காரர் எட்வார்ட் சைமன் அதைக் காய்ச்சி ஒரு எண்ணெய் எடுத்தார். சில நாளில் அந்த எண்ணெய் தானாகவே இறுகிக் கூழாயிற்று. அந்த எண்ணெய்தான் ஸ்டைரீன். இறுகியது பொலிஸ்டைரீன். அதை நுரையாக்கும் வழியை 1930களில் சுவீடனின் கார்ல் முன்டர்ஸ் காப்புரிமை செய்தார். உலகம் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தது போர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவின் றப்பர் முழுவதும் ஜப்பான் கையில். ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது நாம் படித்ததுதான். நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை றப்பரில் பெரும் பங்கு இலங்கையில் இருந்தது. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் ஹெனரத்கொடையில் வேர்விட்டுப் பெருகிய மரங்கள். மரம் செத்தாலும் பரவாயில்லை, பால் வேண்டும் என்று கட்டளை. மூச்சு விடாமல் வெட்டினார்கள். எங்கள் மூத்தவாப்பாவுக்கு மத்துகமப் பக்கம் ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. பட்டையே இல்லாமல் நின்ற மரங்களைப் பற்றி அவர் கடைசி வரை பேசுவார். சண்டையில் சிப்பாய்கள் மட்டுமா செத்தார்கள், என் மரமும் செத்தது என்பார்.

அதே நேரத்தில் அமெரிக்கா செயற்கை றப்பர் செய்ய இறங்கியது. அதில் ஏறத்தாழ கால் பங்கு ஸ்டைரீன். அதற்காகப் பெரும் பெரும் தொழிற்சாலைகள் எழுந்தன. டௌ கம்பெனியின் ரே மெக்கின்டையர் என்ற இரசாயனவியலாளர் றப்பர் போல வளையும் மின்காப்புப் பொருள் தேடி ஸ்டைரீனோடு இன்னொன்றைக் கலந்து அழுத்தத்தில் வைத்தார். கிடைத்தது றப்பர் அல்ல. திண்மமான பொலிஸ்டைரீனைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு இலேசான வெள்ளை நுரை. கம்பெனி முன்டர்ஸின் உரிமையையும் வாங்கிக்கொண்டது. 1942இலேயே அமெரிக்கக் கரையோரக் காவல் படை ஆறு பேர் மிதக்கும் உயிர்காப்பு மிதவையில் அதைப் போட்டது. போர் முடிந்ததும் தொழிற்சாலைகளில் ஸ்டைரீன் மிதமிஞ்சிக் கிடந்தது, வாங்க ஆளில்லை. அதனால் பொலிஸ்டைரீன் மலிந்தது. 1950 வாக்கில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்தில் மணிமணியாக ஊதிப் பெருகும் வகையையும் கண்டுபிடித்தார்கள். நம்முடைய மீன் பெட்டி அந்த வகை.

யோசித்துப் பாருங்கள். நம் றப்பர் போதாது என்று பிறந்த தொழிற்சாலைகள்தான் பிறகு நம் றப்பரின் விலைக்கே போட்டியாக வந்தன. கொரிய யுத்தத்தில் விலை ஒரு துள்ளுத் துள்ளி 1951இல் விழுந்தது. அரிசி விலையோ ஏறியது. அதனால்தான் 1952 டிசம்பரில் ஆர்.ஜி. சேனாநாயக்க வர்த்தக அமைச்சராக இருந்தபோது சீனாவோடு றப்பர்–அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது. வருடத்துக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி எடுப்பது. அமெரிக்கா முகம் சுளித்து உதவியை மறுத்தது. நம் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் சொல்லும் 'சீனத்து அரிசி' அதுதான். சமூகக் கல்விப் புத்தகத்தில் இந்த ஒப்பந்தம் இரண்டு வரியில் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் ஒரு வெள்ளை நுரை நிற்கிறது என்று நாங்களும் இத்தனை வருடம் சொல்லிக் கொடுக்கவில்லை.

மீண்டும் ட்ரெய்லருக்கு வருவோம். 1968இல் கனடாவின் வினிப்பெக் நகரத்து ரே ஒலெக்கோ, கண்ணாடி நாரில் மலக்குழித் தொட்டி வடிவமைத்த அனுபவத்தில், இரண்டு பாதிகளை ஒட்டி முட்டை ட்ரெய்லர் செய்தார். பாரம் ஏறத்தாழ 400 கிலோ. (மலக்குழித் தொட்டி என்றதும் வகுப்பில் பத்து நிமிடம் பாடம் நடக்கவில்லை.) ஆனால் அதற்குப் பெரிய அச்சு வேண்டும், வீட்டில் முடியாது. அச்சே இல்லாமல் செய்யக் காட்டியவர் கலிஃபோர்னியாவின் பேர்ட் ரூட்டன். 1975இல் பறந்த அவருடைய 'வரிஈஸ்' விமானத்தில் நுரையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் வெட்டி, மேலே கண்ணாடி நார்த் துணியும் பசையும் போட்டார். வரைபடத்தை விற்றார், சாதாரண ஆட்கள் வீட்டுக் கராஜில் விமானம் செய்தார்கள்.

அதில் துணியும் பசையும்தான் விலை. ட்ரெய்லர் பறக்கப் போவதில்லையே என்று யோசித்தவர்கள் கண்ணாடி நாருக்குப் பதிலாகக் கென்வஸையும், நீரைத் தாங்கும் மரப் பசையையும், வெளிப்புறச் சுவர் பெயின்டையும் எடுத்தார்கள். 'ஏழையின் ஃபைபர் கிளாஸ்' என்று தாங்களே பெயர் வைத்தார்கள். இரண்டு அங்குலத் தடிப்பில் 8க்கு 4 நுரைப் பலகை நான்கு, நான்கரைக் கிலோதான். ஆணி நுரையில் பிடிக்காது என்பதால் கதவும் கீலும் வருமிடத்தில் நுரையைக் குடைந்து மரச் சட்டம் பதிக்கிறார்கள். துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, விளிம்புகளை மடித்து, காய்ந்ததும் மேலே மேலே பெயின்ட். அவ்வளவுதான் வேலை. ஆனால் துணியில் ஒரு கிழிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

நாங்களும் 2 அடிக்கு 2 அடி ஒரு துண்டு செய்தோம். முதல் துண்டு கெட்டுப்போனது. சப்பாத்து ஒட்டுகிற பசையைத் தடவினார்கள். ஐந்து நிமிடத்தில் நுரை உருகிக் குழி விழுந்தது. பெற்றோலும் தின்னரும் அதைக் கரைக்கும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும், தவறு எங்களுடையது. இரண்டாவது துண்டுக்கு மரப் பசையும் பழைய படுக்கை விரிப்பும். ஆறு வாரம் மழையில் கிடந்தது. பெயின்ட் எட்டாத ஒரு மூலை மட்டும் உப்பியது. மற்றது அப்படியே நிற்கிறது.

அடுத்து வண்டி என்றான் மாணவன். அங்கேதான் நாங்கள் கண்டிப்பாக இல்லை என்றோம். வடை வண்டியில் கேஸ் அடுப்பு இருக்கிறது. இந்த நுரை நெருப்பில் உருகி, கரும்புகையோடு எரியும். பாரம் குறைகிறது என்பதற்காக ஒரு மனிதரை எண்ணெய்ச் சட்டியோடு அதற்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது. பையனின் முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் வாப்பாவையே கூட்டி வந்தான். அவர் துண்டைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பிறகு, "சேர், இது மீன் பெட்டிச் சாமான்தானே, ஐஸ் உருகாதே. நான் வடையை விட்டுட்டு பலூடா போட்டா என்ன?" என்றார். அடுப்பில்லை, எண்ணெய் இல்லை. இப்போது மேசையில் ஒரு வரைபடம் இருக்கிறது: மூன்றரை அடி நீளம், இரண்டு அடி அகலம், அடியில் சைக்கிள் சக்கரம் இரண்டு. ஊரில் யாரிடமாவது பழைய சைக்கிள் ரிம் கிடந்தால் பாடசாலைக்கு அனுப்பிவையுங்கள். 26 அங்குலம்.