இரு வலசைகள், இரு மாட்டு நோய்கள்

ஆப்பிரிக்கப் புல்வெளி வலசை என்றதும் செரங்கெட்டிதான் நினைவுக்கு வரும். தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் கென்யாவின் மாசாய் மாராவுக்கும் இடையே ஆண்டுதோறும் சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட் மான்கள் சுற்றிவருகின்றன. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவிலிருந்து மக்காடிகாடி உப்புப் படுகைக்குப் போய்த் திரும்பும் வரிக்குதிரைகளை அறிந்தவர்கள் குறைவு. மனிதர் தம் மாடுகளை நோயிலிருந்து காத்த விதமே இவ்விரு வலசைகளின் தலைவிதியையும் எழுதியது.

நடப்பதற்கான காரணம் இரண்டுக்கும் ஒன்றே. மழைக்காலத்தில் சத்தான புல், வறண்ட காலத்தில் வற்றாத நீர்; இரண்டும் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. செரங்கெட்டியின் தென்சமவெளி எரிமலைச் சாம்பல் படிந்த மண். அங்கு முளைக்கும் குட்டைப்புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் மிகுதி. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே வில்டபீஸ்ட்கள் அங்கேதான் கன்று ஈனுகின்றன. மண் காய்ந்ததும் மேற்காகவும் வடக்காகவும் நகர்ந்து, ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றை அண்டி வாழ்கின்றன.

ஒகவாங்கோவுக்கு வறண்ட காலத்தில் நீர் தருவது அங்கோலாவில் பெய்த மழை. அது பல மாதங்கள் பயணித்து, உள்ளூர் வறண்டிருக்கும் காலத்தில் டெல்டாவை நிறைக்கிறது. நவம்பர் வாக்கில் உள்ளூர் மழை தொடங்கியதும் வரிக்குதிரைகள் மக்காடிகாடியின் புதுப்புல்லைத் தேடிக் கிளம்புகின்றன. போகவரச் சுமார் 580 கிலோமீட்டர்.

இனி, நோய்கள். 1890களில் ஆப்பிரிக்காவுக்குள் பரவிய வெக்கை நோய் மாடுகளோடு வில்டபீஸ்ட்களையும் காட்டெருமைகளையும் கொன்று குவித்தது. 1950களில் செரங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. காட்டு விலங்கு எதற்கும் ஊசி போடவில்லை; ஆயினும் மாட்டில் நோய் அடங்கியதும் காட்டிலும் மறைந்தது. 1961இல் ஏறத்தாழ 2.6 லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1970களின் இறுதிக்குள் 13 லட்சத்தைத் தொட்டன.

போட்ஸ்வானாவின் கவலை கோமாரி. காட்டெருமைகளிடமிருந்து அது மாடுகளுக்குத் தொற்றினால் ஐரோப்பாவுக்கான மாட்டிறைச்சி ஏற்றுமதி நின்றுபோகும். அதனால் நாடெங்கும் கம்பிவேலிகள் எழுந்தன. 1968இல் எழுந்த வேலி வரிக்குதிரைகளின் பாதையை அறுத்தது. கலஹாரியில் நிலைமை இன்னும் கொடியது: 1980களின் வறட்சியில், வேலிகள் மறித்ததால் நீரை எட்ட முடியாத வில்டபீஸ்ட்கள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன.

இவ்விரு நோய்களையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. வெக்கைக்கு ஒரு தடுப்பூசி ஆயுள் முழுதும் காப்புத் தந்தது. 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரிக் கிருமியிலோ வகைகள் பல, ஊசியின் காப்பு சில மாதங்களே. மாட்டை நம்பி வாழும் போட்ஸ்வானா மக்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் விலங்குகளின் நடையைக் கணக்கில் கொள்ளாமல் வேலிக்குக் கோடு கிழித்தது பெரும்பிழை.

அப்பிழையின் ஒரு பகுதி திருத்தப்பட்டது. வரிக்குதிரைகளின் பாதையை அறுத்த 1968ஆம் ஆண்டு வேலி 2004இல் அகற்றப்பட்டது. இடைப்பட்ட 36 ஆண்டுகளைக் கடந்து காட்டில் எந்த வரிக்குதிரையும் வாழ்வதில்லை. பழைய பாதையை நடந்தறிந்தது ஒன்றுகூட எஞ்சியிருக்க வழியில்லை. ஆயினும் சில ஆண்டுகளிலேயே, ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட வரிக்குதிரைகள் சில அதே திசையில் மக்காடிகாடிக்குப் போய்வந்ததை ஆய்வாளர் ஹாட்டி பார்ட்லாம்-புரூக்ஸ் குழுவினர் பதிவுசெய்தனர்.

செரங்கெட்டிக்கும் ஆபத்து நீங்கிவிடவில்லை. பூங்காவின் வடபகுதியைக் கிழித்துக்கொண்டு தார்ச்சாலை போடும் திட்டத்தைக் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் 2014இல் தடுத்தது. மாராவைச் சுற்றியுள்ள தனியார் நிலங்களிலோ வேலிகள் பெருகிவருகின்றன. போட்ஸ்வானாவின் பாடத்தை மாரா இப்போதே கற்க வேண்டும். மந்தை குறைந்தால் மீண்டும் பெருகும் என்பதற்குச் செரங்கெட்டியே சான்று. பாதை அடைபட்டால் அதைத் திறக்க மனிதரால்தான் முடியும்.