சிவப்பு மறைந்த பின்னும்: எல்லையோரத் தோல்நோயும் பூஞ்சையின் உடலும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய கேரள-தமிழக எல்லையோர ஊர்களில் தோலில் வட்டமாகப் பரவும் ஒரே பூஞ்சை நோய்க்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழில் படர்தாமரை; மலையாளத்தில் புழுக்கடி. 1956 நவம்பர் 1-இல் அண்டையிலுள்ள விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பேச்சு மட்டும் கோட்டின் இருபுறமும் கலந்தே கிடக்கிறது. இவ்விரு பெயர்களில் உண்மைக்கு நெருங்கியது படர்தாமரைதான் என்பது என் வாதம். கடி என்றால் கடித்தது போய்விட்டது, தடிப்பை ஆற்றினால் போதும் என்று மனம் எண்ணும். தாமரைக்கோ சேற்றுக்குள் கிழங்கு உண்டு.

வெளியே தெரிவதற்கு அடியில் உடல் மறைந்திருக்கும் என்ற இந்த உண்மையை இவ்வூரார் வேறோரிடத்தில் நன்றாக அறிவர். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் விளைகளிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் கூண், அதாவது காளான், முளைக்கும். முந்தைய ஆண்டு பறித்த இடத்தையே தேடிப் போவார்கள். பெரிய கூணின் தண்டு வேர்போல் நீண்டு மண்ணுக்குள் இறங்கி, சிதல் கூட்டில் முடியும். (சிதல் என்றால் கறையான்; பழந்தமிழ்ச் சொல், மலையாளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது.) அங்கே தம் கழிவால் கட்டிய பாத்தியில் சிதல்கள் டெர்மிடோமைசிஸ் என்னும் பூஞ்சையை வளர்க்கின்றன. நாம் கறிவைப்பது அதன் கனியை மட்டுமே. உடல் என்பது அந்தப் பாத்தியில் ஊடுருவிய வெண்ணிழைகள்.

1969-இல் உயிரியலாளர் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி உலகம் தந்தார். அவற்றுக்குப் பச்சையம் இல்லை. நொதியை வெளியே சுரந்து, செரித்ததை உறிஞ்சுகின்றன. செல்சுவரில் இருப்பது நண்டின் ஓட்டிலுள்ள கைட்டின். எல்லாப் பூஞ்சைக்கும் இழை உண்டு என்பதில்லை: அக்கானியை, அதாவது பதநீரை, கள்ளாக்கும் ஈஸ்ட் ஒற்றைச் செல், கலயத்தில் பூசும் சுண்ணாம்பு அதைத் தடுத்துவைக்கிறது. மரபுவழியில் பூஞ்சை செடியைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு. மருத்துவத்தின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. நம் செல்லைக் கெடுக்காமல் அதன் செல்லை மட்டும் தாக்கும் வழிகள் மிகக் குறைவு. அதன் சவ்விலுள்ள எர்கோஸ்டீரால் அவற்றுள் முதன்மையானது. நம் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால்.

படர்தாமரைப் பூஞ்சை தோலின் இறந்த மேலடுக்கிலுள்ள கெரட்டினைத் தின்று வெளிநோக்கி வளர்கிறது. வட்டத்தின் விளிம்பில்தான் அது மும்முரமாக இருக்கும். சிவப்பும் அரிப்பும் பூஞ்சையல்ல, அதற்கு உடல் காட்டும் எதிர்ப்பு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அந்த எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும். தடை நீங்கிய இழைகள் பரவும். வட்டம் உருக்குலைவதால் மருத்துவரும் நோயை இனங்காணத் தடுமாறுவார். 2018-இல் இந்திய அரசு இத்தகைய களிம்புகளை மருந்துச்சீட்டின்றி விற்கத் தடைவிதித்தது. தேவையான ஆணைதான். ஆனால் அரிப்பு நின்றதே குணம் என்ற நம்பிக்கையை ஆணையால் மாற்ற முடியாது.

அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதல்ல. 2020-இல் பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்னும் படர்தாமரைப் பூஞ்சை தன் பெயரிலேயே இந்தியாவைச் சுமக்கிறது. ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் இதன் பல வகைகளுக்கு டெர்பினாஃபின் மருந்து பலிப்பதில்லை. 2021-இல் கொரோனாவின் பின்னே வந்த கரும்பூஞ்சை வேறு இனம். ஜூன் முடிவதற்குள் நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அங்கும் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டும் வழிதிறந்துவிட்டது.

எனவே இவ்வூர்களில் நோயை விளக்கக் கூணைவிடப் பொருத்தமான உவமை இல்லை என்பேன். தோல் தெளிந்த பின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை ஏன் தொடர வேண்டும், துண்டையும் பாயையும் பகிரும் வீட்டார் அனைவரையும் ஏன் சோதிக்க வேண்டும் என்பது, பறித்த இடத்திலேயே மறுபடி முளைப்பதைக் கண்டவருக்கு எளிதில் விளங்கும். விளிம்பிலிருந்து சுரண்டிய தோல்துகளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், கிளைத்த இழைகள் தெரியும். மருத்துவர் பார்த்துவிட்டுக் கண்ணாடித் தகட்டை எடுத்துவிடக் கூடாது. நோயாளியையும் ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.