ட்ரெட்மில் வந்த பாதை

மழைக்காலம் வந்தால் காலை நடை நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், வீட்டுக்கு ட்ரெட்மில் வாங்கலாமா? எத்தனை ஹெச்.பி. மோட்டார் வேணும்?" மோட்டாருக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மெஷினின் கதையைக் கேளுங்கள். அது பிறந்தது சிறைச்சாலையில்!

1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் கைதிகளுக்காக ஒரு மிதிசக்கரம் அமைத்தார். அகலமான பெரிய உருளை, அதைச் சுற்றி மரப்படிகள். கைதிகள் வரிசையாக நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறிய படி கீழே போய்விடும், அடுத்த படி வந்து நிற்கும். 1821-ல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் வைத்த சக்கரம் பெயர் பெற்றது. அங்கே தானியம் அரைத்தார்கள். சில சிறைகளில் எதையும் அரைக்காமல் வெறுமனே சுற்றியது. நம் செக்குமாட்டுக்காவது எண்ணெய் என்று ஒரு பலன் உண்டு. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் 1895-ல் தண்டனை பெற்று இதை மிதித்தவர்தான். 1898-ல் வந்த சிறைச் சட்டத்துக்குப் பிறகே இந்தக் கொடுமை ஒழிந்தது.

பின்னர் ஓடும் பெல்ட்டாக உருமாறி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகர இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ், நோயாளியை நடக்கவிட்டே இ.சி.ஜி. எடுக்கும் முறையை வகுத்தார். 1963-ல் அவர் வெளியிட்ட முறையில்தான் இன்றும் பல இடங்களில் டி.எம்.டி. எடுக்கிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடுமே, நினைவிருக்கிறதா? படுத்திருக்கும்போது தெரியாத இதயக் கோளாறு நடக்கும்போது தெரிந்துவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஸ்டாப் என்ற அமெரிக்கப் பொறியாளர். டாக்டர் கென்னத் கூப்பர் 1968-ல் எழுதிய 'ஏரோபிக்ஸ்' புத்தகத்தைப் படித்தவர், சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகும் மெஷினைச் செய்தார். 2012-ல் காலமானபோது அவருக்கு வயது 96.

இனி என் கதை. மகன் வாங்கிக் கொடுத்த புதிதில், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் மேல் அப்படியே கால் வைத்தேன். அடுத்த நொடி தரையில். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்தது. பெல்ட்டோ நிற்காமல் ஓடுகிறது. சட்டையில் மாட்டவேண்டிய சிவப்புக் கிளிப் மெஷினிலேயே தொங்கிக்கொண்டிருந்தது! மனைவி ஓடிவந்து சாவியைப் பிடுங்கித்தான் நிறுத்தினாள்.

கைதிக்கு நிறுத்த உரிமை இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து நிறுத்துவார். வீட்டில் நாம்தான் நிறுத்தவேண்டும். ஆகவே கடையில் முதலில் பார்க்கவேண்டியது அந்தச் சாவி. இழுத்தவுடன் பெல்ட் நிற்கிறதா என்று சோதியுங்கள். பக்கக் கைப்பிடி நீளமாக இருக்கட்டும். உங்கள் எடையைத் தாங்குமா என்று கேளுங்கள். மோட்டாரில் 'பீக்' ஹெச்.பி. கணக்கை நம்பாமல், தொடர்ந்து ஓடும் திறன் எவ்வளவு என்று பாருங்கள். நடப்பதற்கு ஒன்றரை, இரண்டு போதும். ஓரத்துப் பலகைகளில் நின்றுகொண்டு, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்ட பிறகே பெல்ட்டில் கால் வையுங்கள். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

இப்போதும் நான் மெஷினில் ஏறினால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "கிளிப்பை மாட்டியாச்சா?"

மாட்டிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.